கைகழுவலும் கைவிடலும்: மரபுத்தொடர்கள் பற்றிய ஒரு நோக்கு

ஆங்கில மரபுத்தொடருக்கு நேரான தமிழ்த்தொடரைத் தேடி, இரண்டையும் அருகருகே எழுதி மனனஞ் செய்யும் வழக்கம் வகுப்பறைகளில் நெடுங்காலமாக உண்டு. சொல் ஒத்திருப்பின் பொருளும் ஒத்திருக்கும் என்பதே இவ்வழக்கின் அடிப்படை. கையைக் குறித்தெழுந்த தொடர்களை ஆராயின், அவ்வடிப்படை எத்துணை வலுவற்றது என்பது புலனாகும்.

‘கைகழுவுதல்’ ஒரு சான்று. இதனையொத்த ஆங்கிலத் தொடர் மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரத்தை நினைவூட்டுவது. இயேசுவை மரணத்துக்கு ஒப்புவித்த உரோம ஆளுநன் பிலாத்து, மக்கள் முன்னிலையிற் கைகழுவி, அப்பழி தன்னைச் சாராது என்றான். தடுக்கும் அதிகாரமுடையவன் பொறுப்பை மறுத்த செயல் அது. தமிழர் வாழ்விலோ கைகழுவுதல் உணவின் முடிவு. ஒரு வீட்டில் உண்பதைக் ‘கைநனைத்தல்’ என்பர். அஃது அவ்வீட்டாரின் உறவை ஏற்றலாகும். கைகழுவியவர் மீண்டும் இலையிற் கைவைப்பதில்லை. விவிலியப் பயிற்சி இத்தொடருக்கு வலுவூட்டியிருக்கலாம். எனினும், ‘முடித்து நீங்குதல்’ என்னும் பொருள் உண்ணும் முறையோடு இயல்பாகவே இயைகின்றது. முன்னது பழிநீக்கம், பின்னது தொடர்புநீக்கம்.

கை என வருவன யாவும் உறுப்பைக் குறிப்பனவுமல்ல. ‘கைக்கிளை’யில் வரும் கைக்குச் சிறுமை, பக்கம் என உரையாசிரியர் பொருள் கூறுவர். ஆகவே, ஒவ்வொரு தொடரும் தனித்தனியே நோக்கற்பாலது.

‘கைவிடல்’ இவற்றுள் ஆழமானது. பற்றியிருந்ததை விடுதலே கைவிடல். மணத்தைக் ‘கைப்பிடித்தல்’ என்றும், மணந்தவளைத் துறத்தலைக் ‘கைவிடல்’ என்றும் வழங்குதல் இதனைத் தெளிவுறுத்தும். மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை வீசுவோரைக் காண்போர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர். வலை நீரில் விரிந்து வீழினும் அதன் கயிறு வீசியவர் கையிலேயே இருக்கும். வீசுதல் வேறு, விடுதல் வேறு. எனவே, கைவிடல் என்னும் சொல்லுள் பற்றியிருந்த கையும், விடத் துணிந்த மனமும் அடங்கியுள்ளன.

இங்கேதான் மொழிபெயர்ப்பு பிழைபடுகின்றது. போரையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட இப்பிரதேசம் பற்றி எழுதுங்கால், ஆங்கிலத்தை அடியொற்றி, ‘கைவிடப்பட்ட வீடுகள்’, ‘கைவிடப்பட்ட கிராமம்’ என எழுதிவிடுவதுண்டு. ஆங்கிலச் சொல் ஆளற்ற இடத்தை மாத்திரம் சுட்டி அமையக்கூடும். தமிழ்ச் சொல்லோ விட்ட கையைத் தேடச் செய்கின்றது. உயிர்தப்ப ஓடியவர் தம் வீட்டைக் கைவிட்டாரா? அன்றி, அஃது அவர் கையினின்றும் பறிக்கப்பட்டதா? இவ்வினாவை எழுப்பாத எழுத்து, இழந்தவரையே துறந்தவராக்கிவிடுகின்றது. அவ்விடத்திற்கு ‘இழந்த வீடுகள்’ என்பதே பொருந்தும்.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947), 1926இல் வெளிவந்த ‘மதங்கசூளாமணி’யிலே, சேக்ஸ்பியரைச் ‘செகசிற்பியார்’ எனத் தமிழாக்கி, அவருடைய நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு வைத்து ஆராய்ந்தார். பிறமொழியை அஞ்சாது அணுகியும் தமிழின் நிலைக்களத்தை விடாத நெறி அது. மரபுத்தொடராய்வுக்கும் அந்நெறியே ஏற்றது. சொல்லுக்குச் சொல் தேடுவதன்முன், அச்சொல்லுள் இருப்பது யாருடைய கை என வினவுதல் வேண்டும்.