மார்க்சின் ‘மூலதனம்’: எது மூலபாடம்?

காரல் மார்க்ஸ் எழுதிய ‘மூலதனம்’ நூலின் முதல் தொகுதி ஆங்கிலத்தில் மீண்டும் ஒருமுறை வந்துள்ளது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அச்சகம் 2024-இல் இதனை வெளியிட்டது. மொழிபெயர்த்தவர் பால் ரைட்டர். அவருடன் சேர்ந்து பதிப்பித்தவர் பால் நார்த். 1976-இல் பென் ஃபௌக்ஸ் செய்த மொழிபெயர்ப்பிற்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து வந்த புதிய ஆக்கம் இது. மார்க்சின் கொள்கையை ஏற்போர் நம்மிடையே உண்டு, மறுப்போரும் உண்டு. அந்த வழக்கு இங்கு வேண்டா. நாம் எடுத்துக்கொள்வது பதிப்பு பற்றிய ஒரு கேள்வியை. அதிகாரபூர்வமானது எனக் கூறத்தக்க ஒரே பாடம் தங்களுடையதே என்று பதிப்பகத்தார் உரிமை கொண்டாடுகின்றனர். அவ்வுரிமை நிலைக்குமா?

பாடபேதம் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. 1887-இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது எத்தனை ஏடுகளை ஒப்புநோக்க நேர்ந்தது என்பதை நாம் அறிவோம். தற்செயலாக, ‘மூலதனம்’ முதன்முதல் ஆங்கிலத்தில் வெளிவந்ததும் அதே 1887-இன் தொடக்கத்தில்தான். சிந்தாமணிச் சுவடிகளில் பாடம் மாறியது பெரும்பாலும் ஏடெழுதியோர் கையால். ‘மூலதனம்’ நூலிலோ பாடத்தை மாற்றியவர் ஆசிரியரே. இரு பாடங்களும் ஆசிரியர் கையிலிருந்தே வந்திருக்கும்போது எதை மூலம் என்பது?

1867-இல் ஹாம்பர்க் நகரில் ஆயிரம் படிகளாக வெளிவந்த முதற்பதிப்பில் ஆறே அத்தியாயங்கள் இருந்தன. அவற்றைப் பிரித்தும் விரித்தும் இருபத்தைந்தாக்கி, மதிப்பு பற்றிய தொடக்கப் பகுதியைத் திருத்தியெழுதி, 1872-இலிருந்து பகுதி பகுதியாக இரண்டாம் ஜெர்மன் பதிப்பை வெளியிட்டார் மார்க்ஸ். அதே காலத்தில், 1872 முதல் 1875 வரை, ஜோசப் ருவா செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு பாரிசில் தவணைகளாக வந்துகொண்டிருந்தது. ருவாவின் நடை மார்க்சுக்குப் பிடிக்கவில்லை. பக்கம் பக்கமாகத் திருத்தினார். திருத்துகையில் கருத்தையும் திருத்தினார். மூலத்தைச் சாராத தனி அறிவியல் மதிப்பு இதற்கு உண்டு என்று பிரெஞ்சு வாசகர்க்கு எழுதியவரும் அவரே. அவர் 1883-இல் மறைந்தபின், எங்கெல்ஸ் அதே ஆண்டில் மூன்றாம் பதிப்பையும் 1890-இல் நான்காம் பதிப்பையும் கொண்டுவந்தார். பிரெஞ்சுத் திருத்தங்களில் சிலவற்றைச் சேர்த்தார், சிலவற்றை விட்டார். 1887 ஆங்கிலப் பதிப்பு மூன்றாம் பதிப்பையும், 1976-இல் வந்தது நான்காம் பதிப்பையும் அடியொற்றியவை. பிரின்ஸ்டன் பதிப்பாசிரியர்கள் எங்கெல்சைக் கடந்து, மார்க்சே கவனித்து வெளியிட்ட கடைசி ஜெர்மன் பாடமான இரண்டாம் பதிப்புக்குத் திரும்பியுள்ளனர்.

மொழிபெயர்ப்பின் சிறப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். உலர்ந்த பொருளியல் நூல் என்று அஞ்சி ஒதுக்கியவர்களுக்கு, இதன் ஆசிரியர் கிண்டலில் வல்லவர் என்பதை ரைட்டர் காட்டிவிடுகிறார். ஓர் எடுத்துக்காட்டு போதும். முதலாளி வர்க்கம் தன் முதல் செல்வத்தை எவ்வாறு சேர்த்தது என்று கூறும் பகுதிக்கு ‘பிரிமிட்டிவ் அக்யுமுலேஷன்’ என்னும் பெயர் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. ‘பிரிமிட்டிவ்’ என்றதும் காட்டுமிராண்டிக் காலம் நினைவுக்கு வரும். ரைட்டர் அதனை ‘ஒரிஜினல்’ என மாற்றினார். உழைப்பாளிகள் சிலர் சேமித்தனர், சோம்பேறிகள் பலர் இழந்தனர் என்னும் பொருளியலார் கதையை, ஆதாம் கனியைத் தின்ற கதையோடு இணைத்து மார்க்ஸ் அங்கே நகைக்கிறார். ‘ஒரிஜினல் சின்’ என்னும் சமயச் சொல்லின் எதிரொலி புதிய மொழிபெயர்ப்பில் காதில் விழுகிறது. தமிழில் ‘ஆதித் திரட்டல்’ என்போர்க்கு இந்த இடர்ப்பாடு முன்பே இல்லை. ‘ஆதி’ என்ற சொல் தொடக்கத்தையும் தொன்மையையும் ஒருங்கே குறிக்கும். ‘ஆதிப் பாவம்’ என்பதும் தமிழ்க் கிறித்தவர் வழக்கில் உள்ளதே. ஆங்கிலம் நூற்றாண்டு கடந்து கண்ட சொல் நம் கையில் இருந்தது என்று சற்றே மகிழலாம்.

எல்லா இடத்திலும் ரைட்டரின் துணிவு பயன் தரவில்லை. மதிப்பையும் பொருண்மையையும் ஒட்டிப் புதிதாக அவர் படைத்துள்ள கூட்டுச்சொல், ஜெர்மன் மொழியின் கரடுமுரடை உண்மையாகவே காட்டுகிறது. ஆயினும் முதல் அத்தியாயத்திலேயே தடுக்கிவிழும் வாசகர்க்கு அது இன்னொரு கல். ஆய்வாளர் வேண்டுமானால் போற்றுவர்.

இனி வழக்கிற்கு வருவோம். தொழில்துறையில் முன்னேறிய நாடு, பின்தங்கிய நாட்டிற்கு அதன் எதிர்காலத்தையே காட்டுகிறது என்ற பொருளில் 1867 முன்னுரையில் ஒரு வாக்கியம் உண்டு. இங்கிலாந்து சென்ற பாதையில்தான் இந்தியாவும் செல்ல வேண்டும் என்று வாதிட்டோர் அதனை எடுத்தாண்டனர். மார்க்ஸ் ஐரோப்பாவையே அளவுகோலாகக் கொண்டார் என்று குறைகூறியோரும் அதையே காட்டினர். பிரெஞ்சுப் பாடத்தில் அவ்வாக்கியம் சுருங்குகிறது: தொழில் ஏணியில் பின்தொடர்ந்து வரும் நாடுகளுக்கு மட்டுமே அந்த எதிர்காலம் காட்டப்படுகிறது. உழவர் நிலம் பறிக்கப்பட்ட வரலாற்றைக் கூறும் இடத்திலும், இவ்வியக்கம் மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்குரியது என்று எல்லை கட்டினார். சிறு மாற்றம்போல் தோன்றும். ஆனால் 1881-இல் ருஷ்யப் புரட்சியாளர் வேரா சசூலிச், தம் நாட்டுக் கிராம சமுதாயம் அழிந்தே தீரவேண்டுமா என்று கடிதம் எழுதிக் கேட்டபோது, மார்க்ஸ் மேற்கோள் காட்டியது இந்தப் பிரெஞ்சுப் பாடத்தையே. தம் நூல் கூறும் வரலாற்றுக் கட்டாயம் மேற்கு ஐரோப்பாவுக்கு மட்டுமே உரியது என்று அவருக்கு விடையிறுத்தார்.

இத்திருத்தங்களை எங்கெல்ஸ் தம் பதிப்புகளில் ஏற்றவில்லை. ஆகவே 1887, 1976 ஆகிய இரு ஆங்கிலப் பதிப்புகளின் பாடத்திலும் அவை இல்லை. தமிழர் மார்க்சைப் பெரும்பாலும் ஆங்கில வழியாகவே அறிந்தவர்கள். நமக்கும் அவை எட்டவில்லை. இப்போது இரண்டாம் ஜெர்மன் பதிப்பையே அடிப்படையாகக் கொண்டதால், பிரின்ஸ்டன் பதிப்பிலும் அவை மூலபாடத்திற்கு வெளியேதான் நிற்க முடியும். எவ்வளவு நல்ல குறிப்பு எழுதினாலும், குறிப்பில் நிற்பது பாடமாகாது.

மார்க்சின் விருப்பம் என்னவாயிருந்தது என்பதற்குச் சான்று உண்டு. 1878 நவம்பரில் ருஷ்ய மொழிபெயர்ப்பாளர் டேனியல்சனுக்கு எழுதிய கடிதங்களில், அத்தியாயப் பகுப்பைப் பிரெஞ்சுப் பதிப்பின்படி அமைக்கவும், இரண்டாம் ஜெர்மன் பதிப்பைப் பிரெஞ்சோடு கவனமாக ஒப்பிடவும் சொன்னார். முதல் இரு பகுதிகளை மட்டும் ஜெர்மனிலிருந்தே மொழிபெயர்க்கச் சொன்னார். அதாவது, ஆசிரியர் காட்டிய வழி ஒற்றைப் பாடத்தின் வழியன்று. ஆகவே இரண்டாம் ஜெர்மன் பதிப்பைத் தேர்ந்ததில் தவறில்லை. அது ஒன்றே அதிகாரபூர்வமானது என்பதுதான் மிகை. எங்கெல்சின் கலப்புப் பாடத்தை விலக்கி ஒரு காலத்து நூலைத் தூய்மையாகத் தந்தோம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் எவரும் மறுக்க மாட்டார். எங்கெல்சைப் பற்றியும் நீதியாகச் சொல்ல வேண்டும். நண்பர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு, அறுபதைக் கடந்த வயதில், அவர் செய்த உழைப்பு இல்லையேல் பின்வந்த பதிப்பாசிரியர் எவர்க்கும் வேலையே இருந்திராது.

புதிய பதிப்பை வாங்குவோர் ஒன்றை மனத்திற் கொள்க. 1887 ஆங்கிலப் பதிப்பு பிரெஞ்சைப் பின்பற்றி 33 அத்தியாயங்கள் கொண்டது. இரண்டாம் ஜெர்மன் பதிப்பில் 25 மட்டுமே. தென்னாட்டு வரலாறு எழுதிய கர்னல் மார்க் வில்க்சைச் சான்று காட்டி இந்தியக் கிராமத்தை விளக்கும் இடமும், சோழமண்டலக் கரைத் துணிகளின் நிறமும் உறுதியும் எவராலும் மிஞ்சப்படவில்லை என்று பிறர் நூலிலிருந்து எடுத்துக்காட்டும் இடமும் பழைய ஆங்கிலப் பதிப்பில் 14-ஆம் அத்தியாயத்தில் உள்ளன. ஜெர்மனில் அவற்றை 12-இல் தேட வேண்டும். அந்த நெசவாளர்களுக்கு ஆங்கில விசைத்தறி என்ன செய்தது என்பது அடுத்த அத்தியாயத்திலேயே இருக்கிறது.