தாய்மாருக்கு மட்டும் ஒரு அறிக்கை

2013 ஜனவரி 9ஆம் திகதி, பணிப்பெண்ணாகப் போன மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்குக்குச் சவூதி அரேபியாவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த ஆண்டே இலங்கை அரசு ‘குடும்பப் பின்னணி அறிக்கை’யைக் கொண்டுவந்தது. அதன்படி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் பணிப்பெண்ணாக வெளிநாடு போக முடியாது என்று இருந்தது. பிள்ளைகள் அதைவிட மூத்தவர்கள் என்றால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதைக் காட்டி, பிரதேச செயலகத்தின் சிபாரிசு வாங்க வேண்டியிருந்தது.

ஆனால் றிசானா தாய் அல்ல. 2005இல் போகும்போது அவருக்கு வயது 17. 1988இல் பிறந்தவரை 1982இல் பிறந்தவராகக் காட்டியது பாஸ்போர்ட். முதல் விசாரணையில் அவருக்காகப் பேச வழக்கறிஞர் இருக்கவில்லை. ஓட்டை ஏஜென்சியிலும் தூதரகத்திலும் இருந்தது. அரசு போய்த் தட்டியதோ கிராமத்துத் தாயின் வீட்டுக் கதவை.

விதியின் பின்னுள்ள கவலை பொய்யல்ல. தாய் போனபின் படிப்பை விட்ட பிள்ளைகளையும், வந்த காசைக் குடித்தே தீர்த்த கணவன்மாரையும் கிழக்கு மாகாணத்தில் எவரும் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் குவைத்துக்கு டிரைவராகப் போகும் தகப்பனிடம் பிள்ளையை யார் பார்ப்பார் என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. குழந்தை நலன்தான் நோக்கம் என்றால் கேள்வி இருவருக்கும் பொதுவாக இருந்திருக்கும்.

விதியை ஆதரிப்போர் எண்ணிக்கையைக் காட்டுகிறார்கள். 2012இல் வேலைக்காக வெளிநாடு போனவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். 2016இல் மூன்றிலொரு பங்குதான். இந்தச் சரிவு தொண்ணூறுகளின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது என்பது ஒருபுறம். பெரிய சிக்கல், இது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர்களின் கணக்கு என்பதுதான். விசிட் விசாவில் போகும் பெண்ணிடம் யாரும் அறிக்கை கேட்பதில்லை. பதிவு இல்லாததால் பணியகக் காப்புறுதியும் அவளுக்குக் கிடையாது. 2022 நவம்பரில் வெளிவந்த ஓமான் ஆட்கடத்தல் விவகாரத்தில் பெண்கள் கொண்டுபோகப்பட்டது இந்த வழியில்தான். அதில் இலங்கைத் தூதரக அதிகாரி ஒருவரே கைதானார்.

விதியை உண்மையில் அம்பலப்படுத்தியது டாலர் நெருக்கடி. வெளிநாட்டிலிருந்து உழைப்பாளர் அனுப்பும் பணம் 2020இல் சுமார் 710 கோடி டாலர். 2022இல் சுமார் 380 கோடி. பணம் வற்றிக்கொண்டிருந்த 2022 ஜூனில் அமைச்சரவை ஐந்து வயது என்ற எல்லையை இரண்டாகக் குறைத்தது. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாய் தேவை என்று ஒன்பது ஆண்டுகள் சொன்ன அரசு, திறைசேரி காலியானதும் தேவையில்லை என்று கண்டுகொண்டது!

பிலிப்பைன்ஸ் 2006இல் வேறு முனையில் பிடித்தது: வீட்டுப் பணியாளருக்கு மாதம் 400 டாலர் அடிப்படைச் சம்பளம், அவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கத் தடை. மீறல்கள் அங்கேயும் ஏராளம். ஆனாலும் கட்டு விழுந்தது ஆள் அனுப்புகிறவர்மீதும் வேலைக்கு எடுக்கிறவர்மீதும்.

என் கணிப்பில் குடும்பப் பின்னணி அறிக்கை தோற்றுப்போன கொள்கை. வயதெல்லையைக் கூட்டியோ குறைத்தோ அதைக் காப்பாற்ற முடியாது. காக்க வேண்டியது அதிலுள்ள ஒரே ஒரு நல்ல அம்சத்தை: புறப்படுமுன் பிள்ளைக்குப் பொறுப்பாளரைக் குறித்துவைப்பது. அதைத் தகப்பனுக்கும் பொதுவாக்கி, பயணத்தை மறிக்கும் அதிகாரத்தை அதிகாரியிடமிருந்து எடுத்துவிட்டு, மிச்சமாகும் உத்தியோகத்தர்களை, ஏஜென்சிகளுக்காக ஊரில் ஆள் பிடிக்கும் சப் ஏஜெண்டுகளின் பின்னால் அனுப்பலாம்.