பணிதலும் மன்றாடுதலும்

டாரதி கிளார்க் வில்சன் எழுதிய ‘கிரானி பிராண்ட்’ (1976) என்னும் வாழ்க்கை வரலாறு துணிவின் கதையாகவே பெரிதும் வாசிக்கப்படும். அது போதாது.

நாமக்கல்லை அடுத்த கொல்லிமலையில் 1929-இல் கணவர் ஜெசி மறைந்தார். பின்னர் ஓய்வு வயதில் மிஷனும் விடைகொடுத்தது. ஈவ்லின் அம்மையாரோ, ஐந்து மலைத்தொடர்களுக்கும் சுவிசேஷம் செல்லவேண்டுமெனக் கணவரோடு செய்த பொருத்தனையை விடாது, மலைகளுக்கே திரும்பினார். 1974-இல் மரித்தபோது வயது 95. தேவசித்தத்திற்குத் தம்மை முற்றிலும் ஒப்புக்கொடுத்த இவர், மிஷன் குழுவின் தீர்மானத்தையே தேவசித்தமென்று கொண்டவரல்லர்.

நம் பிரசங்கங்களில் ஒப்புக்கொடுத்தல் வாய்பொத்தி நிற்றலாகிவிடுகிறது. (கமிட்டிகளுக்கு அது வசதியே.) கெத்செமனேயில் ஆண்டவரோ மும்முறை ஜெபித்தார், பாத்திரம் நீங்கும்படி கேட்டே பணிந்தார். கேளாமல் பணிகிறவனுடைய ஜெபம் ஆழப்படுவதில்லை, ஓய்ந்துபோகிறது.

இந்நூலை வகுப்பில் எடுப்போர், அம்மையார் மலையேறிய குதிரையைச் சற்று மறந்து, அவர் விடாது கேட்ட விண்ணப்பத்திலிருந்து தொடங்கலாம்.