பழி யாருடையது? ‘தி ஜூடாஸ் காண்ட்ராக்ட்’ வரைகதைத் தொகுப்பும் மலையமான் மக்கள் பாடலும்

ஆய்வுச் சுருக்கம்

பதின்பருவ மீவீரர் குழு ஒன்றின் கதையைக் கூறும் அமெரிக்க வரைகதைத் தொகுப்பு ‘தி ஜூடாஸ் காண்ட்ராக்ட்’. வயதில் மூத்த ஒருவனின் பகைக்குக் கருவியாகும் சிறுமி மீதே இதன் விவரிப்புரை முழுப் பழியையும் சுமத்துகிறது. இத்தீர்ப்பைத் தொகுப்பின் பிற பகுதிகளே மறுக்கின்றன என்பதைப் புறநானூற்றின் 46ஆம் பாடலோடு ஒப்பிட்டு இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: வரைகதை, பதின்பருவம், விவரிப்புரை, புறநானூறு, கோவூர்கிழார், ஓய்மாநாடு.

முன்னுரை

மார்வ் வுல்ஃப்மன் எழுத, ஜார்ஜ் பெரஸ் வரைய, 1980இல் டி.சி. நிறுவனம் ‘நியூ டீன் டைட்டன்ஸ்’ இதழைத் தொடங்கியது. அவ்விதழில் 1984இல் நிறைவுற்ற கதைப்பகுதி 1988இல் ‘தி ஜூடாஸ் காண்ட்ராக்ட்’ என்னும் தனித் தொகுப்பாக வெளிவந்தது. ராபின், வொண்டர் கேர்ள், சைபோர்க், ஸ்டார்ஃபயர், ரேவன் முதலிய இளையோர் குழுவில் டெரா என்னும் டாரா மார்கோவ் சேர்கிறாள். அவளுக்கு வயது பதினாறளவே. மண்ணையும் பாறையையும் ஏவும் ஆற்றல் உடையவள். டெத்ஸ்ட்ரோக் எனப்படும் ஸ்லேட் வில்சன் அனுப்பிய ஒற்றி அவள். குழுவினர் ஒவ்வொருவராகச் சிறைப்பட, இறுதிப் போரில் தன் ஆற்றலே வீழ்த்திய பாறைகளுக்கு அடியில் அவள் மடிகிறாள்.

வீரர் குழுவும் ஒற்றை அடையாளமும்

வீரர் பலரை ஒருங்கு நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் தரும் உத்தி தமிழ் மரபிற்குப் புதிதன்று. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் அமைந்தது. அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாகும். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன், முல்லைக்குத் தேர் ஈந்த பாரி, ஔவைக்கு நெல்லி ஈந்த அதிகன் என எழுவரையும் அந்நூல் ஒவ்வொரு செயலால் அடையாளப்படுத்துகிறது. எழுவர் தாங்கிய கொடைப்பொறையை நல்லியக்கோடன் தனியனாய்த் தாங்குவதாகவும் கூறுகிறது. டைட்டன்ஸ் குழுவும் வேகம், இயந்திர உடல், வேற்றுலகப் பிறப்பு என இவ்வாறே அறிமுகமாகிறது. இவ்வகைப் பட்டியல் வீரத்தை எளிதில் நினைவில் நிறுத்தும். வீரர்தம் பகைக்கு அவர்தம் வீட்டுச் சிறார் கொடுக்கும் விலை அதில் இடம்பெறாது.

அவ்விலையைப் புறநானூறு பேசுகிறது. எழுவருள் ஒருவனான காரி, திருக்கோவலூரை ஆண்ட மலையமான் குடியினன். 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவாகும் வரை திருக்கோவலூர் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அக்குடிச் சிறாரைக் கிள்ளிவளவன் யானைக்கு இடப் புகுந்தபோது கோவூர்கிழார் பாடி அவரைக் காத்த செய்தியை 46ஆம் பாடலின் கொளு தருகிறது.

விவரிப்புரையின் தீர்ப்பு

டெரா இறக்கும் தறுவாயில் கட்டங்களின் விவரிப்புரை அவளை மனம் பிறழ்ந்தவள் என்கிறது. அப்பிறழ்வுக்கு அவளன்றி வேறெவரும் காரணரல்லர் என்றும் உறுதிபட உரைக்கிறது. அவளைப் பணியில் ஏவியவன் ஸ்லேட். பன்மடங்கு வயது மூத்த அவன் அவளோடு கொண்டிருந்த தகாத உறவையும் கதை குறிப்பால் உணர்த்துகிறது. இவ்விரண்டையும் அறிந்த கதைசொல்லியே இத்தீர்ப்பை வழங்குகிறான். பெரஸின் கோடுகளோ அவளுக்குக் கவர்ச்சி கூட்டாது, எடுப்பான பற்களுடைய எளிய சிறுமியின் முகத்தையே தருகின்றன. படம் காட்டும் பருவத்தைச் சொல் மறைக்கிறது.

தொகுப்பின் மற்றொரு பகுதி இத்தீர்ப்போடு முரண்படுகிறது. ஸ்லேட் தன் தொழில் இரகசியத்தை வெளியிட மறுத்ததால் அவன் மகன் ஜோசப்பின் கழுத்து அறுக்கப்பட்டது, சிறுவன் பேச்சிழந்தான். இதனை உரைக்கும் தாய் அடலைன் பழியைத் தந்தை மீதே வைக்கிறாள். கதையும் அவள் சினத்தை நியாயமாகவே காட்டுகிறது. தன் மகனுக்கு நேர்ந்ததற்கு ஸ்லேட் பொறுப்பெனில், தான் ஏவிய பிறர் மகளுக்கு நேர்ந்ததற்கு அவன் பொறுப்பில்லை என்பது எவ்வாறு பொருந்தும்? இவ்வினாவைத் தொகுப்பு எழுப்பவில்லை.

டெராவைத் துரோகியாகவே திட்டமிட்டுப் படைத்ததாகப் படைப்பாளர்கள் கூறியுள்ளனர். எனினும் குற்றவாளிக்கு மீட்பு மறுப்பது இவ்வகைக் கதைகளின் விதியன்று. முத்து காமிக்ஸ் 1972இல் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவியும், லயன் காமிக்ஸ் வழி 1980களில் புகழ்பெற்ற ஸ்பைடரும் பிரித்தானிய மூலங்களில் குற்றவாளிகளாகத் தொடங்கி நாயகர்களாக மாறியவர்களே. ஸ்லேட் வில்சனும் 1991இல் தனி இதழின் நாயகன் ஆனான். வளர்ந்த ஆடவர் மூவருக்கும் கிட்டிய மறுவாய்ப்பு சிறுமிக்குக் கிட்டவில்லை.

கோவூர்கிழாரின் நோக்கு

மலையமான் மக்கள் குற்றமற்றவர்கள், டெரா குற்றமிழைத்தவள். இவ்வேறுபாடு மறுக்கற்பாலதன்று. இங்கு ஒப்பிடப்படுவது குற்றத்தின் அளவன்று. சிறாரின் அழிவுக்கு அருகில் நிற்கும் குரல் நம் பார்வையை எங்கே செலுத்துகிறது என்பதே. கோவூர்கிழார் சிறாரின் தந்தையது பகையைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. புறாவின் துயர் தீர்த்தோன் வழிவந்தவன் என அரசனுக்கும், புலவர்க்குப் பகுத்துண்ணும் குடியினர் எனச் சிறாருக்கும் அவரவர் மரபை நினைவூட்டுகிறார். பின்னர்ச் சிறாரின் கண்களையே காட்டுகிறார்: அவர்கள் களிற்றைக் கண்டு அழுகையை மறக்கின்றனர், மன்றத்தை மருண்டு நோக்கி, முன்பு அறியாத துன்பத்தை அடைகின்றனர். கொல்ல வந்த யானை அவர்களுக்கு வேடிக்கை. அந்த ஒரு காட்சியே அவர்கள் சிறார் என்பதை மெய்ப்பிக்கிறது. முடிவைப் புலவர் அரசனிடமே விடுகிறார். ஆற்றல் யாரிடம் உள்ளதோ, பொறுப்பும் அவரிடமே வந்து சேர்கிறது.

முடிவுரை

‘தி ஜூடாஸ் காண்ட்ராக்ட்’ இளையோர் குழுவின் நம்பிக்கையும் அதன் முறிவும் குறித்த வலிய கதை. அதன் குறை டெராவின் இறப்பில் இல்லை. அவ்விறப்புக்கு அது எழுதிய உரையில் உள்ளது. விவரிப்புரை பழியைச் சிறுமியிடம் முடிக்கிறது; புறப்பாடல் பொறுப்பை அரசனிடம் சேர்க்கிறது. வரைகதையில் படமும் விவரிப்புரையும் இருவேறு சாட்சிகள் என்பதை டெராவின் முகம் உணர்த்துகிறது. அவை முரண்படும் இடங்களில் உரையின் தீர்ப்பை அவ்வாறே ஏற்காது, படத்தைக் கொண்டு அதனை மறுவிசாரணை செய்வது வரைகதைத் திறனாய்வின் கடமையாகும்.