சொல்லத் தயங்கும் தலைமுறையின் திரைப்படங்கள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 2005ஆம் ஆண்டு நடைபெற்ற 'சவுத் பை சவுத்வெஸ்ட்' விழாவில் ஒரே சாயலுடைய சிறு படங்கள் சில திரையிடப்பட்டன. எரிக் மசுனாகா என்னும் ஒலித்தொகுப்பாளர் அவற்றுக்கு வேடிக்கையாக 'மம்பிள்கோர்' என்று பெயரிட்டார். முணுமுணுப்பையே உயிராகக் கொண்டவை என்பது அதன் கருத்து. இயக்குநர்கள் விரும்பாதபோதும் அப்பெயர் நிலைத்துவிட்டது. கேலிப்பெயர்கள் நிலைப்பது கலை வரலாற்றில் புதிதன்று.

நண்பர்களே நடிகர்கள், குடியிருக்கும் அறைகளே படப்பிடிப்புத் தளங்கள். டூப்ளாஸ் சகோதரர்களின் 'தி பஃபி சேர்' (2005) சுமார் 15,000 டாலரில் உருவானது. எனினும் சிக்கனத்தைவிட இப்படங்களின் பேச்சே நம் ஆய்வுக்குரியது. கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர்கள்; தடுப்பார் எவருமில்லை. இருந்தும், 'உன்னை விரும்புகிறேன்' என்றோ 'விரும்பவில்லை' என்றோ அவர்களால் ஒரு வாக்கியத்தை முடிக்க இயலவில்லை.

ஆண்ட்ரூ புஜால்ஸ்கியின் 'ஃபன்னி ஹா ஹா' (2002) இவ்வகையின் முதற்படம் எனப்படுகிறது. நாயகி மார்னி தற்காலிக வேலைகளில் நாட்களைக் கழிக்கிறாள். அவள் மனம் நாடும் அலெக்ஸ் எதற்கும் பிடிகொடுப்பதில்லை. திடீரென ஒருநாள் முன்னாள் காதலியை மணந்துகொள்கிறான். அவளை விரும்பும் மிட்செலோ பேச வாயெடுத்தாலே தடுமாறுகிறான். இப்பாத்திரத்தில் இயக்குநரே நடித்துள்ளார். தன்னியல்பாகத் தோன்றும் இத்தடுமாற்றங்கள் எழுதிவைத்த உரையாடல்கள் என்பது வியப்புக்குரியது.

அரபு அணியிலக்கணத்தார் 'ஹத்ஃப்' என்னும் சொல்நீக்கத்தை அழகெனக் கொள்வர். ஆயின், நீக்கப்பட்டதை உணர்த்தும் 'கரீனா', அதாவது சூழற்குறிப்பு, இருத்தல் வேண்டும் என்பர். மார்னி சொல்லாது விடுவதை நாம் அறிகிறோம். ஆதலின் அவள் மௌனம் பேசுகிறது. நடிகர்களை அவ்வப்போது தோன்றியவாறு பேசவிட்டு ஜோ ஸ்வான்பெர்க் எடுத்த 'ஹன்னா டேக்ஸ் த ஸ்டேர்ஸ்' (2007) படத்தில் அக்குறிப்பு மெலிந்துவிடுகிறது. கிரெட்டா கெர்விக்கின் முகம் பல காட்சிகளைக் காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆயினும் ஹன்னா ஓர் ஆடவனை விட்டு மற்றொருவனிடம் செல்கையில் எவருக்கும் எதுவும் இழப்பாவதில்லை. இழப்பற்ற இடத்தில் தயக்கம் வெறும் பழக்கமாகிறது.

இவ்வியக்கத்தோடு சேர்த்து எண்ணப்படும் பாரி ஜென்கின்ஸின் 'மெடிசின் ஃபார் மெலன்கலி' (2008) இக்குறையைத் தாண்டியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் கறுப்பினத்தவரான ஓர் ஆணும் பெண்ணும், பெயரும் அறியாது சேர்ந்து கழித்த இரவுக்குப்பின் விழிக்கின்றனர். அவள் கூறும் பெயரும் பொய். வாடகைக் காரில் விட்டுச்சென்ற பணப்பையே உண்மைப் பெயரைக் காட்டிக்கொடுக்கிறது. அந்நகரில் தம் இனத்தார் அருகி வருவதை மைக்கா விடாது பேசுகிறான். அவனைப் போல் எல்லாவற்றையும் நிறத்தால் அளக்க ஜோ உடன்படவில்லை. இடையே கதையை நிறுத்தி, வீட்டு வாடகைக் கட்டுப்பாடு பற்றி மக்கள் கூடிப் பேசும் கூட்டமொன்றைக் காட்டுகிறார் இயக்குநர். அங்கு எவரும் முணுமுணுப்பதில்லை. வீட்டை இழக்க இருப்பவர்கள் தம் வாக்கியங்களை முடிக்கிறார்கள்.