அந்த ‘நீங்கள்’ யார்?

மொத்தமே முப்பது விநாடி. ஒரு மேஜை, ஒரு கடிதம், இரண்டு வெள்ளைக்காரக் கைகள். கட்டம் போட்ட சட்டை, விரலில் திருமண மோதிரம். முகம் கடைசிவரை தெரியாது. கைகள் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுக் கசக்குகின்றன. பின்னணிக் குரல் நேராக நம்மிடம் பேசுகிறது. அந்த வேலை உங்களுக்குத் தேவைப்பட்டது, எல்லாரையும்விட உங்களுக்குத்தான் தகுதி இருந்தது, ஆனால் இன ஒதுக்கீட்டைக் காட்டி ஒரு சிறுபான்மையினருக்குக் கொடுத்துவிட்டார்கள், இது நியாயமா?

1990இல் அமெரிக்காவின் வட கரோலினா செனட் தேர்தலுக்கு ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் தரப்பு ஒளிபரப்பிய விளம்பரம் இது. ‘கைகள்’ என்றே இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஹெல்ம்ஸை எதிர்த்து நின்றவர் ஹார்வி கேன்ட், கட்டடக் கலைஞர், சார்லட் நகரத்தின் முதல் கறுப்பின மேயர். கடைசி நாட்களில் இது ஓடியது. ஹெல்ம்ஸ் சுமார் 52 சதவீத வாக்குகளுடன் ஜெயித்தார். இந்த ஒரு விளம்பரத்தால்தான் ஜெயித்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தேர்தல் விளம்பரம் என்ற குட்டி இலக்கிய வகைமையில் இது ஒரு செவ்வியல் படைப்பு. அதனால்தான் இதை ஒரு சிறுகதையை வாசிப்பதுபோல வாசிக்க வேண்டியிருக்கிறது.

கேன்ட்டின் தோல் நிறம் பற்றி இதில் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு சட்ட மசோதாவைப் பற்றித்தான் பேச்சு. “நாங்க கொள்கையைத்தானே பேசினோம்” என்று எந்த மேடையிலும் சொல்லிக்கொள்ளலாம். திரையில் முகம் இல்லாததால் அந்த இடத்தில் பார்க்கிறவன் தன் முகத்தை வைத்துக்கொள்கிறான். கதையின் நாயகன் ஹெல்ம்ஸும் இல்லை, கேன்ட்டும் இல்லை. ‘நீங்கள்’தான். எதிரியைத் திட்டுகிற விளம்பரம் எதிரியைப் பற்றியது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது தன் வாசகனை உருவாக்குகிறது. ‘உங்களிடமிருந்து எதையோ பிடுங்கிவிட்டார்கள்’ என்று நம்பும் ஓர் ஆள் முதலில் தேவை, வேட்பாளரை வெறுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதில் ஒரு குரூரமான தலைகீழாக்கமும் இருக்கிறது. தகுதி இருந்தும் நிறத்தால் ஒதுக்கப்பட்டவன் என்பது யாருடைய கதை? கேன்ட்டுடைய கதை. தென் கரோலினாவின் கிளெம்சன் கல்லூரி அவருக்கு இடம் தராமல் இழுத்தடித்தது. அவர் வழக்குப் போட்டு, 1963இல் அதன் முதல் கறுப்பின மாணவராக உள்ளே போனார். அந்தக் கடிதம் இருக்க வேண்டிய கை அவருடையது. அவர் வாழ்க்கையை எடுத்து அவருக்கு எதிராகவே திருப்பியிருக்கிறார்கள். விளம்பரத்தைத் தயாரித்த அலெக்ஸ் காஸ்டெயனோஸ் ஹவானாவில் பிறந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்தேறி என்பதால் மட்டும் ஒருவருக்கு இந்த மொழி பிடிபடாமல் போய்விடாது.

இருபத்தெட்டு வருடம் கழித்து, 2018. நியூயார்க் மாநிலத்தின் 19ஆவது தொகுதி, ஹட்சன் பள்ளத்தாக்கும் கேட்ஸ்கில் மலைகளும், பெரும்பான்மையாக வெள்ளையர்கள். அந்தோனியோ டெல்கடோ என்ற கறுப்பின வழக்கறிஞர் நிற்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் ரோட்ஸ் உதவித்தொகை, பிறகு ஹார்வர்டில் சட்டப்படிப்பு. ஆனால் எதிர்த்தரப்பு விளம்பரங்களில் ஓடியது 2006இல் அவர் வெளியிட்ட ராப் ஆல்பத்தின் துண்டுகள். பாட்டு வரிகள் இந்தத் தொகுதி மக்களின் பார்வைக்கு ஒத்துவராதவை என்றார் அப்போதைய உறுப்பினர் ஜான் ஃபாஸோ. இங்கேயும் நிறம் சொல்லப்படவில்லை. ராப் என்ற சொல்லே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

டெல்கடோவின் ஆதரவாளர்களில் பலருக்கு முதலில் கைவந்த பதில், “அவர் ஹார்வர்டுங்க!” நாமும் இதைத்தான் சொல்லியிருப்போம். நம் வீடுகளில் எல்லா அவமானத்துக்கும் டிகிரிதானே மருந்து? ஆனால் அந்தப் பதில் கேள்வியை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. ‘இவன் நம்மவனா’ என்று கேட்டதற்குச் சான்றிதழை நீட்டுகிறது. ஹார்வர்டு போகாத ராப் பாடகன் நின்றிருந்தால் விளம்பரம் சரியாகிவிடுமா? டெல்கடோ தன் பாட்டை மறைக்கவில்லை. அதில் பேசிய பிரச்சினைகளை எடுத்துச் சொல்லிவிட்டு, மருத்துவக் காப்பீட்டுக்குத் திரும்பினார். 2017இல் ஃபாஸோ போட்ட ஓட்டு அது சம்பந்தப்பட்டது. டெல்கடோ சுமார் 5 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

சில சமயம் இந்த வகைமை படுமோசமாகவும் எழுதப்படும். 2017 நவம்பரில் நியூ ஜெர்சியின் எடிசனில் பள்ளி வாரியத் தேர்தல். யார் அனுப்பியது என்று பெயரில்லாத ஓர் அட்டை வீடு வீடாக வந்தது. சீனர்களும் இந்தியர்களும் ஊரைப் பிடித்துக்கொள்கிறார்கள், சீனப் பள்ளி, இந்தியப் பள்ளி, கிரிக்கெட் மைதானம், போதும்டா சாமி என்ற தொனி. சீன வம்சாவளி வேட்பாளர் ஒருவர், இந்திய வம்சாவளி வேட்பாளர் ஒருவர், இருவர் படத்தின்மேலும் ‘நாடுகடத்து’ என்று முத்திரை. கண்டனங்கள் குவிந்தன. இருவருமே ஜெயித்தார்கள்.

மென்பொருள்காரன் கண்ணுக்கு அந்த அட்டையில் முதலில் தெரிவது முகவரிப் பிழை. எடிசனில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஆசிய வம்சாவளி. நாடுகடத்த வேண்டியவர் வீட்டுத் தபால்பெட்டியிலேயே போய் ‘உங்கள் ஊரைக் காப்பாற்றுங்கள்’ என்றால் யார் கேட்பார்கள்? ‘நீங்கள்’ என்ற மாறியில் தப்பான மதிப்பை ஏற்றிவிட்டார்கள்.

முகவரி சரியாக இருந்தால்? அதற்கு லண்டன் போக வேண்டும். 2016 மேயர் தேர்தல், சாதிக் கான் எதிர் சாக் கோல்ட்ஸ்மித். கோல்ட்ஸ்மித் தரப்பு இந்தியர்களுக்கு ஒன்று, தமிழர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகத் துண்டுப் பிரசுரம் அனுப்பியது. தமிழர்களுக்குப் போனதில் இரண்டு விஷயம். கான் அமைச்சராக இருந்தபோது இலங்கையைப் பற்றியோ தமிழர் கவலைகளைப் பற்றியோ பேசவில்லை. அவர் கட்சியால் உங்கள் பரம்பரை நகைக்கும் உடைமைக்கும் வரி வரும்.

எவ்வளவு கணக்காக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். காப்பையும் தாலிக்கொடியையும் விற்று ஒரு பிள்ளையையாவது விமானம் ஏற்றிவிட்ட தலைமுறை அது. அந்த வீட்டில் தங்கம் என்பது நகை மட்டுமா? கானின் மதம் அதில் எழுதப்பட வேண்டிய அவசியமே இல்லை, அவர் பெயர் போதும். ‘கைகள்’ விளம்பரத்தின் அதே உத்திதான். ஆனால் இந்த முறை அந்த முகமில்லாத ஆளின் இடத்தில் உட்காரச் சொன்னது நம்மை. கான் 56.8 சதவீதம் வாங்கி ஜெயித்தார் என்பது வேறு விஷயம். எடிசன் அட்டையைப் பார்த்துக் கொதித்த நாம், லண்டன் பிரசுரத்தையும் அதே கொதிப்போடு படிப்போமா என்பதுதான் கேள்வி.

எனக்கு இது வெறும் வாசிப்புப் பிரச்சினை இல்லை. நான் இருப்பதும் நியூ ஜெர்சியில்தான். ஹெச்1பி விசா, ஓட்டு கிடையாது, தேர்தலுக்கு நன்கொடை தரவும் சட்டம் விடாது. சம்பளம் வாங்காமல் உழைக்க மட்டும் தடையில்லை. எங்கள் ஊர்ப் பள்ளி வாரியத்துக்கு நின்ற ஒரு பெண்மணிக்காகச் சில வாரம் கதவு தட்டினேன். நல்ல வேட்பாளர், வரவு செலவைக் கரைத்துக் குடித்தவர். ஒருநாள் தமிழ் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். “தம்பி, நம்மாளுங்க குரூப்ல போட தமிழ்ல ஒண்ணு எழுதிக் குடுங்க. அந்தப் பக்கம் ஜெயிச்சா பள்ளி எல்லையை மாத்திடுவாங்க, மேல்தெரு அபார்ட்மென்ட் பசங்க நம்ம பிள்ளைங்க ஸ்கூலுக்கு வந்துடுவாங்கன்னு.”

மேல்தெரு அபார்ட்மென்ட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஆங்கில விளம்பரத்தில் ‘நீங்கள்’ செய்கிற வேலையைத் தமிழில் ‘நம்ம’ செய்துவிடுகிறது. கேட்பவரையும் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள் என்று பிரித்து வைத்திருக்கிற மொழி நம்முடையது. அந்தச் செய்தியில் வந்த ‘நம்ம’ பாதித் தெருவை வெளியே நிறுத்தி எழுதப்பட்ட ‘நம்ம’.

எழுத மாட்டேன் என்றேன். பள்ளிப் பேருந்து நேரத்தையும் பட்ஜெட்டையும் பற்றி வேண்டுமானால் எழுதித் தருகிறேன், அதை மேல்தெருவிலும் கொடுக்கலாம் என்றேன். அண்ணனுக்கு வருத்தம். “இதுல தப்பா ஒரு வார்த்தைகூட இல்லையேப்பா?” என்றார்.

“இல்லைண்ணே. அதனாலதான்.”