மீர் கண்ட நிலவு

கவிஞனுக்குச் சற்றுப் பித்து வேண்டும் என்பது நம்மிடையே பழகிப்போன பேச்சு. அறியாமைக் காலத்து அரபியர், கவிஞன் ஒவ்வொருவனுக்கும் ஒரு ஜின் துணைநின்று பாட்டெடுத்துக் கொடுப்பதாக நம்பினர். ‘மஜ்னூன்’ என்னும் சொல்லே ஜின்னின் பிடிக்குள் அகப்பட்டவன் என்ற பொருளில் பிறந்ததாகும். அண்ணல் நபி (ஸல்) அவர்களைக் குறைஷியர் அச்சொல்லால் ஏசியதையும் திருக்குர்ஆன் அதனை மறுத்துரைத்ததையும் நாமறிவோம். அப்பழைய எண்ணத்திற்கு 19ஆம் நூற்றாண்டில் விஞ்ஞானப் போர்வை போர்த்தியவர் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோஸோ. மேதைமையே ஒரு நோய் என்பது அவர் துணிபு.

இத்துணிபுக்குச் சான்றாக உர்தூக் கவி மீர் தகீ மீரைக் காட்டுவோர் உண்டு. இளமையில் தந்தையை இழந்து, டில்லியில் உறவினரின் கொடுமைக்கு ஆளான மீருக்குச் சித்தம் கலங்கியது. நிலவு வட்டத்திலிருந்து ஓர் அழகுருவம் இறங்கி வருவதாக இரவுதோறும் கண்டார். அவர் பெரிய தந்தையாரும் மூளைக் கலக்கத்தால் வருந்தியவரே என்பதை மீரின் தன்வரலாறு கூறுகின்றது.

குருதிவழி வந்த இக்கூறே கவிதையாயிற்றா? ஸ்வீடன் நாட்டில் 10 லட்சத்திற்கும் மேற்பட்ட நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்த முடிவு 2013இல் வெளிவந்தது. படைப்புத் தொழில்களில் மிகுந்திருந்தோர் மனச்சிதைவு நோயாளர் அல்லர். அவர்தம் நெருங்கிய உறவினரே. இருதுருவ நோயாளர் மட்டும் இதற்கு விலக்கு. ஐஸ்லாந்தில் 2015இல் வெளியான ஆய்வு, இந்நோய்களுக்கு ஏதுவான மரபணுக் கூறுகள் கலைஞரிடம் சற்றே கூடியிருக்கக் கண்டது. எனினும் படைப்பாற்றல் வேறுபாட்டில் 1 விழுக்காட்டைக்கூட அவை விளக்கவில்லை.

நோயுற்றோர்க்கு மக்கட்பேறு குறைவாயிருந்தும் நோய் அற்றுப்போகாதது ஏன்? உறவினருக்கு அது கற்பனை வளத்தை ஈந்து தன்னைக் காத்துக்கொள்கிறது என்பது பரிணாமவாதிகள் சிலரின் விடை. அழகிய விடைதான், ஆயினும் மனச்சிதைவு நோயாளரின் உடன்பிறந்தார் பெற்ற மக்கள் அவ்விழப்பை ஈடுசெய்யும் அளவினர் அல்லர் எனக் கணக்குகள் காட்டுகின்றன. களையக் களையப் புதிய மரபணுப் பிறழ்வுகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன என்பதே இன்று வலுவுடைய விளக்கம்.

இனி, மீரின் நூலையே நோக்குவோம். அந்நாட்களைப் பாடும் அவரது மஸ்னவியின் பெயர் ‘க்வாப்-ஓ-கயால்’. கனவும் கற்பனையும் என்பது பொருள். கண்டது மெய்யன்று எனத் தெளிந்தவனே இப்பெயரைச் சூட்டவியலும். ஈரடி தோறும் இயைபு பிறழாத அந்நடை கலங்கிய சித்தத்தின் நடையன்று. நோய் அவருக்குப் பொருளை மட்டுமே தந்தது. பாட்டைத் தந்தது தெளிவு. அத்தெளிவும் தானே வந்ததன்று. தந்தையின் அன்பர் ஒருவரின் மனைவியார் பொருள் செலவிட்டுப் பேணியதால் வந்தது. அதன்பின் நெடிது வாழ்ந்து ஆறு திவான்கள் தந்து 1810இல் மறைந்தார் மீர்.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், சங்கிலியிற் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கிரையாயினர். பித்தனுக்குச் சங்கிலி பூட்டுவதும் அவனைக் கவியென்று கொண்டாடுவதும் வெவ்வேறு செயல்களாகத் தோன்றும். நோயுற்ற மனிதனை இரண்டுமே காண்பதில்லை. நம் இல்லங்களில் உறக்கமின்றி நிலவை நோக்கியிருக்கும் பிள்ளைக்கு வேண்டுவது பட்டமுமன்று, பூட்டுமன்று. அந்த அம்மையாரின் பரிவும் நல்ல மருத்துவமுமே.